டெல்டா எரிவாயு ராயல்டியில் ஒரு பங்கைப் பழைய கிணறுகளின் சோதனைக்கு ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
திருவாரூர் மாவட்டத்தில் எரிவாயுக் கிணறுகளை ஒட்டிச் சாகுபடி செய்யும் விவசாயிகள்

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
இயற்கை வளங்கள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எரிவாயுக் கிணறுகளைத் தடுத்ததை மனமார வரவேற்கிறோம். ஆனால் அதற்கு முன்பே இயங்கிவந்த கிணறுகளை அது தொடவில்லை. எங்கள் கவலை அவற்றைப் பற்றியது.

நிலப்பகுதியில் எடுக்கும் எரிவாயுவுக்குக் கிணற்றுமுனை மதிப்பில் (கிணற்று வாயில் அதற்குள்ள விலையில்) 10 சதவீதம் ராயல்டி மாநில அரசுக்குச் சேர்கிறது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டினால், ராயல்டிக்கு மேல், சுரங்கத்தால் பாதிக்கப்படும் பகுதிகளுக்கான மாவட்ட கனிம அறக்கட்டளைக்கும் தனித்தொகை கட்ட வேண்டும். எண்ணெயும் எரிவாயுவும் அந்த அறக்கட்டளைக்கு வழிசெய்யும் 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்துக்குள் வராததால் எங்கள் மாவட்டத்துக்கு அந்த வரவே இல்லை. இது நியாயமல்ல.

கிணற்றுத் துளையின் சுவராக இறக்கப்படும் இரும்புக் குழாயான கேசிங்கைச் சுற்றி சிமென்ட் இறக்கும்போது துளையிடும் சேறு முழுவதும் வெளியேறாவிட்டால் அங்கே வழி விட்டுப்போகும். பிற்பாடு சிமென்ட் சுருங்கினாலும் மயிரிழை இடைவெளி விழும். வாயு அதன் வழியே மேலேறுவது குழாய்களுக்கு இடையிலுள்ள அழுத்தமானியில் தெரியும். அரை அங்குல ஊசி வால்வைத் திறந்து 24 மணி நேரத்துக்குள் அழுத்தம் பூஜ்யமாகிறதா, மூடியபின் அடுத்த 24 மணி நேரத்தில் திரும்ப ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பூஜ்யத்துக்கு இறங்கவே இல்லையென்றால் கசிவு பெரிது; கிணற்றை நிறுத்திப் பழுது பார்த்தே ஆக வேண்டும்.

கசிவு நிலத்தடி நீரில் கலக்கிறதா என்று அறிய, பக்கத்து போர்வெல்களில் மின்கடத்துதிறன், குளோரைடு, சோடியம் ஆகியவற்றோடு கரைந்த மீத்தேனையும் அளக்க வேண்டும். மீத்தேனுக்கு நிறமில்லை, வாடையில்லை. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் அதைப் பார்ப்பதுமில்லை. மாதிரிக் குப்பியைத் தண்ணீருக்குள் வைத்தே, ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். இல்லாவிட்டால் வாயு பறந்துவிடும், அறிக்கையில் குறைவாகவோ 'இல்லை' என்றோ வரும்.

இயற்கை எரிவாயு குறித்துச் சட்டமியற்றும் அதிகாரம் ஒன்றியத்துக்கே என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியதை அறிவோம். ஆனால் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி, கழிவுநீர் வெளியேற்றும் தொழில்களுக்கான அனுமதியான இசைவாணையைத் தருவது மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம்தான். மேற்படி சோதனைகளை இசைவாணையின் நிபந்தனையாக்க வாரியத்துக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

ராயல்டியில் ஒரு பங்கை மாவட்ட ஆட்சியர் பெயரில் தனிக்கணக்கில் வைத்து, வாரியம் செய்யும் மறுசோதனைக்குச் செலவிட அரசாணை வேண்டும். கைவிடப்பட்ட கிணறுகள் எந்த சர்வே எண்ணில் உள்ளன, எந்த ஆழத்தில், எந்தத் தேதியில் சிமென்ட் அடைப்பு போடப்பட்டது என்ற பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலகங்களில் ஒட்டவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள விவசாயிகள்

நகல்: மாவட்ட ஆட்சியர், திருவாரூர்