மீற்றர் குறைக்கப்பட்ட கார் விற்கப்பட்டமை தொடர்பான முறைப்பாடு

மல்லாவி,
முல்லைத்தீவு மாவட்டம்.
14.06.2025

முகாமையாளர்,
பாவித்த வாகன விற்பனைப் பிரிவு,
வவுனியா.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த ஏப்ரல் 8ஆம் திகதி தங்கள் விற்பனை நிலையத்தில் நான் வாங்கிய 2015ஆம் ஆண்டு சுசுகி வகன் ஆர் காரின் மீற்றர் பின்னுக்குத் திருப்பப்பட்டிருக்கிறது. விற்ற அன்று அது காட்டியது 61,480 கிலோமீற்றர். இதே கார் 2022 ஒக்ரோபரிலேயே 138,906 கிலோமீற்றர் ஓடியிருந்ததைக் காட்டும் சேர்விஸ் பற்றுச்சீட்டு என் கையில் இருக்கிறது. அதன் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது தங்கள் விற்பனை உத்தியோகத்தர், "ரீச்சர், பழைய வாகனத்தில மீற்றரைப் பாத்து ஒருத்தரும் வாங்கிறேல்லை, கொண்டிசனைப் பாத்துத்தான் வாங்கிறது" என்றார். இரண்டாம் முறை எடுத்தபோது, "மீற்றருக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார். அதனால்தான் எழுத்தில் தருகிறேன். எழுத்திலேயே பதிலையும் எதிர்பார்க்கிறேன்.

மீற்றரைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை என்றால், காரின் முன் கண்ணாடியில் "61,000 கி.மீ. மட்டும், ஒரே உரிமையாளர்" என்று கொட்டை எழுத்தில் ஏன் ஒட்டி வைத்திருந்தீர்கள்? அந்தத் தாளோடு கார் நிற்கும் படம் என் கணவரின் கைபேசியில் இருக்கிறது. தங்கள் முற்றத்தில் அன்று அதே ஆண்டு, அதே வகை, சாம்பல் நிறக் கார் ஒன்றும் நின்றது. 132,000 ஓடியது என்று சொல்லி அதற்கு 52 இலட்சம் கேட்டீர்கள். எங்களுடையதற்கு 58 இலட்சம். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டதற்கு அதே உத்தியோகத்தர், "அது ஓடின வண்டி, இது ஓடாத வண்டி" என்றார். அந்த ஆறு இலட்சமும் மீற்றரில் தெரிந்த எண்ணுக்குத்தான் கொடுக்கப்பட்டது. விலை சொல்லும்போது பொறுப்பேற்ற எண்ணுக்கு, பிழை தெரிந்த பிறகு பொறுப்பில்லை என்று சொல்ல முடியாது.

பத்து வருடத்தில் 61,000 குறைவாக இருக்கிறதே என்று நாங்கள் கேட்காமல் விடவில்லை. கொழும்பில் ஒரு டொக்டர் வைத்திருந்தது, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் திரும்ப வீட்டுக்கும் மட்டும் ஓடியது, கொரோனா ஊரடங்கில் நின்றது, 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்திலும் நின்றது என்று விளக்கம் வந்தது. கியூ.ஆர். கோட்டில் வாரத்துக்கு அளந்து பெற்றோல் அடித்த அந்தக் காலம் எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்தப் பதில் நம்பும்படியாகவே இருந்தது. இப்போது முறைப்பாடு சொன்னதும், "நாங்களே லீசிங் கொம்பனி ஏலத்தில எடுத்தது, ஆர் ஓடினது எண்டு தெரியாது" என்கிறீர்கள். டொக்டர் ஓடிய காரா, ஏலத்தில் எடுத்த காரா? இரண்டில் ஒன்று உண்மையில்லை.

பற்றுச்சீட்டு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரில் இடப்பக்க முன் சீற்றுக்கு அடியில் தூக்கி எடுக்கக்கூடிய பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று இருக்கிறது. மாமியின் மருந்துப் போத்தல் உடைந்து ஊற்றிவிட, கழுவுவதற்காக அதைத் தூக்கினோம். அடியில் மடித்தபடி ஒயில் கறையோடு அந்தத் தாள் கிடந்தது. காரின் இலக்கம், செசி இலக்கம், திகதி, என்ஜின் ஒயில், ஒயில் பில்டர், மீற்றர் 138,906, அடுத்த சேர்விஸ் 143,906 என்று எல்லாம் அச்சில் தெளிவாக இருக்கின்றன. செசி இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளதுதான். அதில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டோம். அவர்களின் கணினிப் பதிவிலும் அதே எண்தான் இருக்கிறது.

அப்படியானால் ஆகக் குறைந்தது 77,426 கிலோமீற்றர் அழிக்கப்பட்டிருக்கிறது. 2022க்குப் பிறகு ஓடியது இந்தக் கணக்கில் சேரவில்லை.

பிறகு கிளிநொச்சியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காரை முழுதாகப் பார்க்கக் கொடுத்தோம். பிறேக் பெடலின் றப்பர் புத்தம் புதிது. பக்கத்தில் இருக்கும் அக்சிலேற்றர் பெடலோ வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. புதுச் சீற் கவரைக் கழற்றினால் சாரதி ஏறி இறங்கும் பக்கத்தில் உள் பஞ்சு கிழிந்து வெளியே தெரிகிறது. டாஷ்போட்டில் இரண்டு ஆணித் துளைகளைக் கறுப்புப் பசையால் அடைத்திருக்கிறார்கள். கைபேசி தாங்கி பூட்டிய துளைகள் அவை, வாடகைக்கு ஓடிய காராக இருக்க வேண்டும் என்பது அவரது கணிப்பு. கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிச்சில் எழுத்தே இல்லை. கேபிளில் சுற்றும் பழைய மீற்றர் என்றால் கழற்றித் திருப்பினதற்கு எண்கள் கோணலாக நின்று காட்டிக்கொடுக்கும். டிஜிற்றல் மீற்றரில் ஓடிய தூரம் ஒரு சின்ன சிப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மடிக்கணினியைக் கொழுவி அதை மாற்றி எழுத அதிக நேரம் எடுக்காது, வெளியில் ஒரு கீறலும் விழாது என்று அவர் சொன்னார். ஆனால் பெடலும் சீற்றும் கியர்ப்பெட்டியும் தேய்ந்த தேய்வை எந்தக் கணினியாலும் திருப்ப முடியாது.

கியர்ப்பெட்டியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். வாங்கிய சில வாரங்களில் மாங்குளம் சந்தியில் நின்று எடுக்கும்போது கார் உதறத் தொடங்கியது. மெதுவாகப் போகும்போது நடுங்கும், வேகம் பிடித்தால் அந்த நடுக்கம் நின்றுவிடும். இது சி.வி.ரி. கியர்ப்பெட்டி. உள்ளே இரும்புப் பட்டி ஒன்று இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடுகிறது. அதற்கென்று உள்ள ஒயிலை உரிய தூரத்தில் மாற்றாவிட்டால் பட்டியும் கப்பியும் ஒன்றையொன்று தின்னும். மெக்கானிக் அடித்தட்டைக் கழற்றி எங்களுக்குக் காட்டினார். ஒயில் கரிக் கறுப்பு. தட்டிலுள்ள காந்தங்களில் சாம்பல் நிற இரும்புக் களிம்பு விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குத் திரண்டிருந்தது. சிறிதளவு படிவது வழமை, இது அந்த அளவில்லை என்றார். கியர்ப்பெட்டி முழுதாக மாற்ற வேண்டி வரலாம் என்று எழுதித் தந்திருக்கிறார். அந்த அறிக்கையும் இத்துடன் இருக்கிறது.

பொய் எண்ணால் வரும் கெடுதி பணத்தோடு முடிவதில்லை என்பதைத் தாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு காரின் பராமரிப்பு முழுவதும் அந்த எண்ணை நம்பித்தான் நடக்கிறது. பிளக், கூலன்ற், கியர் ஒயில் என்று ஒவ்வொன்றையும் எப்போது பார்க்க வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. 61,000 என்று காட்டினால், இன்னும் காலம் இருக்கிறது என்று எந்த மெக்கானிக்கும் சொல்லுவார். நாங்கள் இந்தக் காரை வாங்கியதே மாமியை வவுனியா ஆஸ்பத்திரி சிறுநீரகக் கிளினிக்குக்குக் கொண்டுபோகத்தான். மல்லாவியிலிருந்து மாங்குளம் வந்து, பிறகு ஏ9 வீதியில் பஸ்ஸுக்கு நின்று, நின்றபடியே போய்வர அவரால் முடியவில்லை. அப்படிப்பட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு காட்டுப் பகுதியில் இரவில் வரும்போது கார் நின்றால் யாரைக் கூப்பிடுவது?

தங்களுக்குத் தெரியாத ஊர் இல்லை இது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதோடு பழைய கார்களின் விலை ஏறியது. இவ்வருடம் பெப்ரவரியில் திறந்தும், வரியைக் கேட்டால் புதுக்காரை நினைக்க முடியாது. அதனால் துணுக்காய், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு என்று வன்னி முழுக்க ஆட்கள் காலபோக நெல் விற்ற காசோடும் வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அனுப்பிய காசோடும் தங்களைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். நாங்கள் கொடுத்ததில் பாதி என் ஆசிரியர் கடன். மீதி இரண்டு போகத்து நெல். கொழும்பில் அந்தக் கார் எப்படி ஓடியது என்று இங்கிருந்து தேடிப் பார்க்க எங்களுக்கு வழியில்லை. தங்கள் வாய் வார்த்தையையும் மீற்றரையும் விட்டால் வேறு ஆதாரமும் இல்லை.

மீற்றரைத் திருப்பியது நீங்கள்தான் என்று நான் சொல்லவில்லை. தங்களுக்கு விற்றவரும் செய்திருக்கலாம். ஆனால் அந்த எண்ணைக் கண்ணாடியில் ஒட்டி விலை சொன்னது தங்கள் நிறுவனம். தாங்கள் தந்த விற்பனைப் பற்றுச்சீட்டின் அடியில் "உள்ளது உள்ளபடியே விற்கப்பட்டது" என்ற வரியைக் காட்டுகிறீர்கள். எங்களுக்கு உள்ளபடி எதுவும் காட்டப்படவில்லையே. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள், வியாபாரி ஒருவர் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதையும் பொருளைப் பற்றிப் பொய்யான விபரம் தருவதையும் தடுக்கின்றன. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு ஜூலை 8 வரை காலம் இருக்கிறது.

என் கோரிக்கை இது. காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு 58 இலட்சத்தையும், பெயர் மாற்றத்துக்குக் கட்டியதையும், கடனுக்கு இதுவரை போன வட்டியையும் தர வேண்டும். அது முடியாதென்றால், இரு தரப்பும் ஏற்கும் மதிப்பீட்டாளர் ஒருவர் உண்மைத் தூரத்துக்கு ஏற்ற விலையைச் சொல்லட்டும். அந்த வித்தியாசத்தையும் கியர்ப்பெட்டிச் செலவையும் தாருங்கள். இவற்றுள் எதற்கு நீங்கள் உடன்பட்டாலும், இந்தக் காரை எந்த ஏலத்தில், எந்த ஆவணங்களோடு எடுத்தீர்கள் என்பதை எனக்கு எழுத்தில் தர வேண்டும்.

ஜூன் 28ஆம் திகதிக்குள் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அனுப்புவேன். பொலிசிலும் முறைப்பாடு பதிவேன்.

காரைத் திரும்ப எடுப்பதானால் எனக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதே 61,000 தாளை ஒட்டி அதை வேறொருவருக்கு விற்கக்கூடாது. 138,906க்கு மேல் ஓடியது என்று விற்பனைப் பத்திரத்தில் எழுதியே விற்பதாக, கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை எனக்குத் தர வேண்டும். அது கைக்கு வந்த பிறகுதான் திறப்பைத் தருவேன்.

இங்ஙனம்,
வாகனத்தின் பதிவு உரிமையாளர்