மாரிக்குப்பம் வண்டிக்குப் போன பெரியவருக்கு

தம்பிக்கு இப்போது இடது கண் முழுசாக மூடுகிறது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஓரமாக வழிவதில்லை. நேற்று சமையற்கட்டில் நின்று விசிலடித்தான். என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் நன்றாக இருந்த காலத்திலும் அப்படித்தான். நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நடுராத்திரியில் என் போனை எடுத்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: உண்ணி கடித்து, முதலில் தோலில் படர்ந்து, பிறகு தம்பியின் முகத்தை ஒரு பக்கம் கோணவைத்தது லைம் நோய். அது என்னவென்று தெரிகிற வரைக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் நேரிலும் போனிலும் சொல்லிவிட்டேன், ஒருவரைத் தவிர. அவருடைய நம்பர் என்னிடம் இல்லை, பெயரும் தெரியாது. அதனால்தான் இப்படி எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நரம்பியல் ஓபிக்கு வெளியே இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அது எத்தனையாவது ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். என் மடியில் பிளாஸ்டிக் கவர்கள். எம்ஆர்ஐ ஃபிலிம், ரத்த ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, மெடிக்கல் ஷாப் பில் எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. பக்கத்தில் ஒரு பெரியவர், கை நடுங்கும் மனைவியோடு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னாமா இது, நாள்வாரியா இல்லியே? டாக்டருக்கு ரெண்டு நிமிசம்தான். அதுல அவரு தேடுவாரா, படிப்பாரா?" என்றார். வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டினார்.

கேஜிஎஃப்காரர், அதாவது கோலார் தங்கவயல். தங்கச் சுரங்கத்தில் டைம் ஆபீஸ் வேலை, 2001-ல் மூடுகிற வரைக்கும். எந்த ஷிஃப்டில் யார் கீழே இறங்கினார்கள், எப்போது மேலே வந்தார்கள் என்று எழுதுகிற வேலை. "இறங்கினதுக்கு நேரா ஏறினது இல்லைன்னா ஆளு உள்ளயே இருக்கான்னு அர்த்தம். அப்ப தேடணும்." பேசிக்கொண்டே காகிதங்களைத் தேதிப்படி அடுக்கினார். துணிப்பையிலிருந்து ஒரு டேக் எடுத்துக் கோத்துக் கட்டினார். அரசாங்க வேலையில் இருந்தவர்கள் பையில் டேக் இல்லாமல் வெளியே போகமாட்டார்கள் போலிருக்கிறது.

அப்புறம் ஏதோ ஒரு நோட்டீஸின் வெற்றுப் பக்கத்தில் கோடு போட்டார்.

"முகம் கோணினது எப்ப?"

"ஆகஸ்ட்."

"அதுக்கு முன்னாடி உடம்புக்கு எதுனா?"

தம்பி வாயோரத்தில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, முழங்காலுக்குப் பின்னால் படர்தாமரை மாதிரி ஒன்று வந்து பெரிதாகி, தானாகவே போய்விட்டது என்றான். ஆயின்ட்மென்ட் கொடுத்திருந்தார்கள். போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான், தேதியோடு. ஜூலை.

"அதுக்கும் முன்னாடி எங்க இருந்தீங்க?"

"அமெரிக்காவுல. கனெக்டிகட். ஆபீஸ் வேலையா போயிருந்தேன். லீவு நாள்ல காட்டுப் பக்கம் நடக்கப் போவோம்."

எழுத்தைக் கூட்டிக் கேட்டுக் கனெக்டிகட்டை முதல் வரியில் எழுதினார். இரண்டாவது வரியில் காடு. மூன்றாவதாகத் தோல். முகம் நாலாவது. எங்கள் ஃபைலில் இருந்த அத்தனை காகிதமும் அந்த நாலாவது வரியிலிருந்துதான் தொடங்கியது. மேலே இருக்கிற மூன்றும் ஒரு டாக்டர் சீட்டிலும் இல்லை.

நான் கடைசியில், "லைம் நோயான்னு பார்க்கணும்னு எழுதுங்க ஐயா" என்றேன். தம்பியோடு அங்கே வேலை பார்த்தவர் போனில் சொன்ன பெயர் அது. போகிற இடமெல்லாம் நான் முதலில் சொன்னதும் அதைத்தான். "அதெல்லாம் இங்க வராதும்மா, நெட்ல பாத்தீங்களா?" என்று ஒருவர் சிரித்தார். உண்ணி என்றதும் இன்னொருவர் சிவமொக்கா பக்கம் போனீர்களா என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1957-ல் அந்தப் பக்கத்துக் கியாசனூர் காட்டில், உண்ணியால் பரவுகிற குரங்குக் காய்ச்சலைக் கண்டுபிடித்ததிலிருந்து கர்நாடகத்தில் உண்ணி என்றால் முதலில் அந்த ஞாபகம்தான் வரும்.

பெரியவர் எழுதவில்லை. பேனாவை மூடினார். "பேரை நீ சொல்லாதம்மா. நடந்ததை மட்டும் சொல்லு. பேரு வெக்கிறது அவரு வேலை. நீயே வெச்சுட்டா அவரு உன் பேச்சைத்தான் பார்ப்பாரு, புள்ளையப் பார்க்கமாட்டாரு."

அதற்குள் அவர் மனைவியைக் கூப்பிட்டுவிட்டார்கள். நாங்கள் உள்ளே போய் வந்தபோது அவர்கள் இல்லை. பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில், கேஜிஎஃப் போகிற மாரிக்குப்பம் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்த டாக்டரம்மா அந்தத் தாளைத்தான் முதலில் படித்தார். முதல் மூன்று வரிகளைத் திரும்பவும் படித்தார். போட்டோவைக் காட்டச் சொன்னார். பிறகு, நான் வாயைத் திறக்காமலே, அவராகவே "லைம்" என்றார். அதே கட்டடத்தில் தொற்றுநோய் மருத்துவர் ஒருவருக்கு உடனே போன் போட்டார். அந்தப் பெயரை வேறொருவர் வாயால் கேட்பதற்கு நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

தொற்றுநோய் மருத்துவர் நிதானமாகப் பேசுகிறவர். ரத்தத்தில் முதலில் எலைசா என்ற டெஸ்ட், அதில் பாசிட்டிவோ சந்தேகமோ வந்தால் வெஸ்டர்ன் பிளாட் என்ற இன்னொரு டெஸ்ட் என்று இரண்டு படியாகப் பார்ப்பார்கள் என்றார். கடித்த முதல் சில வாரங்களில் பார்த்தால், கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருள் இன்னும் உருவாகாமல் தவறிப்போகலாம், குணமான பிறகும் அது வருஷக்கணக்கில் ரத்தத்தில் இருக்கலாம், அதனால் குணமாகிவிட்டதா என்று பார்க்க அதே டெஸ்ட்டைத் திரும்ப எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள் என்றும் சொன்னார். மருந்து டாக்ஸிசைக்ளின். எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பிலேயே இருந்தது. ஏதோ கிடைக்காத மருந்துக்கு அலையப்போகிறோம் என்று நினைத்திருந்த எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கணும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, பால் கூடவே குடிக்கக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது. இதில் பால் விஷயத்தை அம்மாவுக்குப் புரிய வைத்ததுதான் கஷ்டம்.

கோர்ஸ் முடிந்தும் தம்பிக்கு அசதி போகவில்லை. இன்னும் சில மாதம் மருந்து கொடுங்கள் என்று நான் நச்சரித்தேன். அவர் மறுத்தார். இப்படி நீட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு நெதர்லாந்தில் நடந்து 2016-ல் வெளிவந்தது, கூடுதலாகப் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை, அசதி மெதுவாகத்தான் விலகும், காத்திருக்கணும் என்றார். மருந்து எழுதாத டாக்டருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நோயின் பெயரே கனெக்டிகட்டில் இருக்கும் லைம் என்ற ஊரின் பெயர்தான். பாலி மர்ரி என்ற அம்மா அங்கே தன் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் யாருக்கு என்ன வந்தது என்று வருஷக்கணக்கில் குறித்து வைத்திருந்தார். 1975-ல் அதை மாநிலச் சுகாதாரத் துறையிடம் சொன்னார். ஆலன் ஸ்டீர் என்ற மருத்துவர் அதன் பிறகுதான் அந்த ஊரை ஆராய வந்தார். வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி உண்ணிக்குள் கிருமியைப் பார்த்தது 1981-ல். இன்றைக்கு அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேருக்கு இந்த நோய்க்குச் சிகிச்சை தரப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். தொடக்கத்தில் இருந்தது ஒரு தாய் எழுதி வைத்த குறிப்புகள். இதைப் படித்த அன்று எனக்குப் பெரியவர் ஞாபகம்தான் வந்தது.

பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறவர்களுக்கு ஒன்று. கடிக்கிற இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கடித்தது பலருக்குத் தெரியவே தெரியாது. புல், புதர்ப் பக்கம் போய் வந்தால் முழங்காலுக்குப் பின்புறம், தொடையிடுக்கு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால் ட்வீசரால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கணும். நம் ஊர் வழக்கப்படி மண்ணெண்ணெய் ஊற்றுவதும் சுடுவதும் வேண்டாம். சீக்கிரம் எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம், ஏனென்றால் கிருமி உள்ளே போக உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள்.

அல்சூர் அத்தைக்கு, ரசம் சாதத்தை மிக்சியில் அடித்து அனுப்பியதற்கு. விடியற்காலையில் வண்டி எடுத்த பக்கத்து வீட்டு கன்னடக்கார அண்ணனுக்கு. ராத்திரி கண்ணுக்குச் சொட்டு விட்டு டேப் ஒட்டக் கற்றுக்கொடுத்த சிஸ்டருக்கு. முகத்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோ பெண்ணுக்கு. லீவு கேட்டபோதெல்லாம் காரணம் கேட்காத என் மேனேஜருக்கு. சோமேஸ்வரர் கோயிலில் எங்களுக்காக விளக்கேற்றியவர்களுக்கு. எல்லோருக்கும் எங்கள் வீட்டு நன்றி.

அந்த ஃபைல் அவர் கட்டிய டேக்கோடு அப்படியே இருக்கிறது. தாளின் கடைசியில் போன வாரம் தம்பி தன் கையாலேயே தேதி போட்டு, "மேலே வந்தாச்சு" என்று எழுதி வைத்திருக்கிறான். நானும் ஒரு கட்டு டேக் வாங்கிக் கைப்பையில் போட்டிருக்கிறேன். ஓபியில் யார் மடியிலாவது கலைந்த காகிதங்களைப் பார்த்தால் இனிமேல் கேட்காமல் விடுவதாக இல்லை.

ராபர்ட்சன்பேட்டை, ஊரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பக்கத்து உறவுகளே, டைம் ஆபீஸில் இருந்தவர், மனைவிக்குக் கை நடுக்கம் என்று பெங்களூர் வந்து போகிறவர் யாரென்று தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அன்று எங்களைத்தான் பேசவிட்டாரே தவிர அவர்கள் வீட்டு விஷயம் எதையும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு மருந்து ஒத்துக்கொண்டதா, அடுத்த முறை எப்போது வருகிறார்கள் என்று கேட்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வண்டி நாங்கள் எடுத்துவருகிறோம்.