ஆவணியில் எண்ணிப் பார்த்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வாசிகசாலைக்கு 50 வயது நிறைந்ததற்காகச் சென்ற ஐப்பசியில் ஊர்ப் பெடியன்கள் 50 மரக்கன்றுகள் நட்டார்கள். அன்று நான் தேநீர் ஊற்றியதோடு சரி. இந்த ஆவணியில், கச்சான் காற்று முகத்தில் மண்ணை வாரி இறைக்கும் நாளொன்றில், குழி குழியாகப் போய் எண்ணினேன். 31 உயிரோடு நிற்கின்றன.

என்ன மரம் நடுவது என்பதில்தான் கூட்டம் இழுபட்டது. ஒருவர் சவுக்கு என்றார், கெதியாக வளருமாம். ஒரு பெரியவர் கோணேசர் கோயில் தலமரமான கல்லால மரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அதன் வேர் வாசிகசாலைச் சுவரை என்ன பாடு படுத்தும் என்று மேசன் வேலை செய்யும் தம்பி சொன்ன பிறகே இறங்கி வந்தார். கடைசியில் பாலை, வீரை, நாவல், வேம்பு, கொன்றை என்று முடிவானது.

பாலைக்காக வாதாடியவள் நான். சின்ன வயதில் தம்பலகாமத்தில் பாலைப்பழம் தின்று உதடு இரண்டும் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அம்மம்மா தேங்காயெண்ணெய் தடவிப் பிரித்துவிடுவார். இப்போது அந்தப் பழத்தைச் சந்தையில் சுண்டுக் கணக்கில் வாங்குகிறோம். நட்ட பாலைகள் இன்னும் என் முழங்காலுக்கும் வரவில்லை. எனக்கு வயது 67. எப்போது காய்க்கும் என்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பட்டுப்போன 19 கன்றுகளில் ஏழு தண்ணீரில்லாமல் போனவை. மிச்சம் 12 மான் கணக்கு. கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் இரவில் எங்கள் ஒழுங்கைக்கும் வரும். நாவல் கொழுந்தை ஒன்றுவிடாமல் மேய்ந்தன. வேம்பைத் தின்னவில்லை, ஆனால் கொம்பை உரசி உரசி இரண்டின் பட்டையை உரித்துவிட்டன. சுற்றுலா வருபவர்கள் மானைக் கண்டதும் படம் எடுக்கிறார்கள், நான் விளக்குமாறு எடுக்கிறேன். கம்பிக்கூடு வாங்கக் கையில் காசில்லை. பனங்கருக்கு மட்டைகளைச் சுற்றிவர நாட்டி நைலோன் கயிற்றால் கட்டினோம். அப்புறம் மான் ஒரு கன்றையும் தொடவில்லை.

பக்கத்து வீதியில் வேறொரு அமைப்பு முந்திய வருடம் சித்திரையில் நட்டது. இங்கே பெருமழை ஐப்பசிக்குப் பிறகுதான் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இன்று அங்கே பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது, நல்ல பெயின்ட்.

உங்கள் பத்திரிகையிலும் மரநடுகைப் படங்கள் வருகின்றன. மண்வெட்டியோடு ஒரு பிரமுகர், சுற்றிவரப் பத்துப் பேர். சரி, போடுங்கள். அடுத்த ஆவணியில் அதே குழியின் படத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். எங்களிடம் நிருபரை அனுப்பினால், பட்டுப்போன 19 குழிகளையும் சேர்த்தே காட்டுவேன்.

வருகிற ஐப்பசியில் அவற்றில் மறுபடி நடுகிறோம். கன்று கைவசம் இருக்கிறது. வளவில் பனை நிற்பவர்கள் கருக்கு மட்டை கொண்டுவந்து தந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
திருகோணமலை.