ஃபெரே கணவாயில் கைகொடுத்த அம்மாவுக்கு நன்றி

ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றி குடில் குடிலாகத் தங்கி நடப்பவர்கள் இத்தாலியிலிருந்து சுவிட்சர்லாந்துக்குள் இறங்கும் இடம் கிராண்ட் கோல் ஃபெரே கணவாய், உயரம் 2537 மீட்டர். எலெனா குடிலிலிருந்து நன்றாகத்தான் ஏறினோம். எல்லை தாண்டி இறங்கும்போது என் மனைவிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. இறக்கத்தில்தான் முழங்காலுக்குச் சோதனை.

பின்னால் வந்த நரைத்த தலை அம்மா ஒருவர், எதுவும் கேட்காமல் தன் ஊன்றுகோல்கள் இரண்டையும் நீட்டினார். முழங்காலில் பட்டி சுற்றிவிட்டார். அப்புறம் அவளுடைய பையையும் வாங்கிச் சுமந்துகொண்டு, லா ஃபூலி கிராமம் வரை எங்கள் வேகத்துக்கே நடந்தார். ஓர்சியேர் ஊருக்குப் போகும் பேருந்தில் ஏற்றிவிட்டபோதும் ஊன்றுகோல்களைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்.

அம்மா, உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இவள் இப்போது நன்றாக நடக்கிறாள். மனமார்ந்த நன்றி.