கிரேத்தே ஃபாரெமோவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஃபாரெமோ அம்மையாருக்கு,

1996 டிசம்பரில் நீங்கள் நார்வேயின் அமைச்சர் பதவியை விட்டு விலகியதை நான் குறைவாக நினைக்கவில்லை. கீழே இருப்பவன் செய்தான், எனக்குத் தெரியாது என்று கைகழுவும் அமைச்சர்கள்தான் எங்கும் அதிகம்.

நார்வேயின் ரகசியப் போலீஸ் இடதுசாரிகளைப் பல ஆண்டுகள் சட்டவிரோதமாக வேவு பார்த்ததைத் தோண்டி எடுக்க, நாடாளுமன்றம் 1994-ல் லுண்ட் கமிஷனை அமைத்தது. அதில் வரலாற்றாசிரியர் பெர்கெ ஃபூரெ ஓர் உறுப்பினர். அவர் கமிஷனில் உட்கார்ந்திருக்கும்போதே, அவரைப் பற்றிக் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான ஸ்டாசியின் பழைய கோப்புகளில் ஏதாவது இருக்கிறதா என்று அதே போலீஸ் ஜெர்மனியிடம் கேட்டது. விசாரிக்க வந்தவரையே விசாரித்திருக்கிறார்கள்! அப்போது நீதி அமைச்சர் நீங்கள். விஷயம் வெளியே வந்தபோது எண்ணெய்த் துறைக்கு மாறியிருந்தீர்கள், ஆனாலும் நாற்காலி போனது.

அப்புறம் தனியார் நிறுவனங்கள், நடுவில் மைக்ரோசாஃப்ட், 2009-ல் பாதுகாப்பு அமைச்சர். 2011 நவம்பரில் மறுபடியும் அதே நீதித்துறை. மேசையில் காத்திருந்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நெறிமுறையைப் பின்பற்றி வந்த தகவல் சேமிப்புச் சட்டம்: யார் யாரை எப்போது, எங்கிருந்து அழைத்தார்கள் என்பதை, சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாட்டிலுள்ள எல்லோருக்கும் 6 மாதம் சேமித்து வைக்க வேண்டும். உங்கள் தொழிலாளர் கட்சியும் கன்சர்வேட்டிவ்களும் சேர்ந்து 89-க்கு 80 என்று நிறைவேற்றியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலையில் நீங்களும் இறங்கினீர்கள்.

ஆஸ்லோ குண்டுவெடிப்பிலும் உட்டோயா தீவுத் துப்பாக்கிச் சூட்டிலும் 77 பேர் கொல்லப்பட்ட பிறகு வேறென்ன செய்வது என்று உங்கள் தரப்பில் யாராவது சொல்லலாம். ஆனால் சட்டத்துக்கான வாக்கெடுப்பு நடந்தது 2011 ஏப்ரலில், தாக்குதல் அந்த ஆண்டு ஜூலை 22-ல். அன்று குண்டு வெடித்த கொஞ்ச நேரத்திலேயே, தெருவில் போன ஒருவர் கொலையாளியின் கார் எண்ணைப் போலீஸுக்குப் போன் செய்து சொன்னார். அதை எழுதி வைத்த மஞ்சள் சீட்டு ஒரு மேசையில் சுமார் 20 நிமிடம் சும்மா கிடந்தது. தகவல் இல்லாமலா போயிற்று? தானாகக் கைக்கு வந்ததையே பார்க்க ஆளில்லை. 2012-ல் வந்த விசாரணைக் குழு அறிக்கை இதைத்தான் பக்கம் பக்கமாகச் சொன்னது, அதுவும் உங்கள் மேசைக்குத்தானே வந்தது?

கடைசியில் 2014-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமே அந்த நெறிமுறை செல்லாது என்றது. நார்வேயில் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. அதற்குள் நீங்களும் ஆட்சியில் இல்லை.

வேறு யாராவது அதைத் தூக்கிப் பிடித்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. அந்தச் சட்டத்துக்கான கோப்பைப் புரட்டும்போது ஒரு தடவையாவது ஃபூரெ நினைவுக்கு வந்தாரா?

இப்படிக்கு,
தூரத்திலிருந்து கவனிக்கும் ஒருவன்