வியாழன் ஏழு மணிக்கு நாலு தட்டு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேலை நன்றாகப் போகிறது, ஆனால் சாப்பாடு வாய்க்குப் பிடிக்கவில்லை, மனசுவிட்டுப் பேச ஆளும் இல்லை என்று போனில் சொன்னாய். இரண்டையும் தனித்தனிக் குறைகளாகச் சொன்னாய். எனக்கு அவை ஒரே குறையாகத்தான் படுகின்றன. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில், மூன்று பேரைக் கூப்பிட்டு ஒரே ஒரு பண்டம் சமைத்துப் போடு. விருந்து வேண்டாம். விருந்து என்று இறங்கினால் அடுத்த வாரம் கை ஓடாது. அலுப்பில்லாமல் திரும்பச் செய்கிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும்.

மூன்று பேர் என்றால் உன்னோடு நாலு. மனிதர்கள் தாமாகக் கூடிப் பேசுவதைக் கவனித்து ஆராய்ந்தவர் ராபின் டன்பார். ஒரே பேச்சில் நாலு பேர் வரைதான் பொதுவாகச் சேர்ந்திருக்க முடிகிறது என்று அவர் கண்டார். அதற்கு மேல் போனால் பேச்சு இரண்டாகப் பிரியும், ஓரத்தில் உட்கார்ந்தவர் எந்தப் பக்கமும் சேராமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கூப்பிடும்போது "ஒருநாள் பார்ப்போம்" என்று சொல்லாதே. அப்படிச் சொன்ன நாள் வருவதே இல்லை. "வியாழக்கிழமை 7 மணி, என் வீடு, முட்டையும் சோறும், 9:30க்கு முடித்துவிடலாம். சாப்பிடாதது ஏதாவது உண்டா?" என்று அனுப்பு. முடிகிற நேரத்தைச் சொல்வது முக்கியம். மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறவர் அதைப் பார்த்துத்தான் வரச் சம்மதிப்பார்.

முதல் இரண்டு மூன்று வாரம் ஒட்டாத மாதிரிதான் இருக்கும். அதற்காக விட்டுவிடாதே. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராகச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200க்கு மேல். ஒரே இடத்தில் வேலை பார்க்கும் நேரம் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை என்றும் அவர் சொல்கிறார். ஆபீஸில் தினமும் எட்டு மணி நேரம் கூடவே இருந்தும் யாரும் நெருங்கவில்லை என்கிறாயே, அதில் உன் குறை ஒன்றுமில்லை. வாரம் இரண்டரை மணி நேரம் என்று வைத்தால், இருபது வாரத்தில் 50 ஆகிவிடும். 200 ஆக ஒன்றரை வருஷம். நட்புக்கு இது அதிகமில்லை.

இனி சமையல். தக்காளி வெங்காயத்தில் உடைத்து ஊற்றிய முட்டை. நாலு பேருக்குப் பெரிய வெங்காயம் அரை கிலோ, நன்றாகப் பழுத்த தக்காளி ஒரு கிலோ, முட்டை எட்டு, பூண்டு ஆறு பல், எண்ணெய் நாலு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. வாணலி அகலமாக, 28 சென்டிமீட்டராவது இருக்கட்டும். மூடி அவசியம்.

ருசி முழுக்க வெங்காயத்தில்தான் இருக்கிறது, அவசரப்பட்டுக் கெடுப்பதும் அங்கேதான். "பத்து நிமிடத்தில் பொன்னிறம்" என்று எழுதுகிறார்களே, அதை நம்பாதே. மெல்லியதாக, ஒரே கனத்தில் நறுக்கு. கனம் மாறினால் மெல்லியது கருகும்போது தடித்தது பச்சையாக நிற்கும். எண்ணெய் சூடானதும் போட்டு, அரைத் தேக்கரண்டி உப்பை அப்போதே சேர். உப்பு வெங்காயத்தின் தண்ணீரை வெளியே இழுக்கும். அந்தத் தண்ணீர் வற்றும்வரை நிறம் மாறாது. வற்றிய பிறகு தீயைக் குறைத்து அடிக்கடி கிளறு. பழுப்பு நிறமாகி, அரை கிலோ ஒரு கிண்ணமாகச் சுருங்க முப்பது, நாற்பது நிமிடம் பிடிக்கும். அடிப்பிடித்தால் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுச் சுரண்டு. ஒட்டியிருக்கும் பழுப்பு எல்லாம் கரைந்து வெங்காயத்தோடு சேர்ந்துவிடும். கருப்பாகிவிட்டால் மட்டும் சுரண்டாதே, கசந்துவிடும். வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்.

இந்த நாற்பது நிமிடத்தைத் தனியாக நின்று கழிக்காதே. கொஞ்சம் சீக்கிரம் வருகிறவர் கையில் கரண்டியைக் கொடுத்துக் கிளறச் சொல். கைக்கு ஒரு வேலை இருந்தால் கூச்சம் போய்விடும். முகம் பார்த்துப் பேசத் தயங்குகிறவர்கூட வாணலியைப் பார்த்தபடி நிறையப் பேசுவார்.

பிறகு நசுக்கிய பூண்டு, ஒரு நிமிடம் கழித்து மிளகாய்த்தூள், உடனே நறுக்கிய தக்காளியும் மீதி உப்பும். தூளைச் சூடான எண்ணெயில் விட்டுவைத்தால் கருகிவிடும், அதனால் தக்காளியை முன்பே நறுக்கித் தயாராக வைத்துக்கொள். மிதமான தீயில் இருபது நிமிடம். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழு: கோடு மூடாமல் இரண்டு நொடி நின்று, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து தெரிந்தால் பதம். தண்ணீராக இருக்கும்போதே முட்டையை ஊற்றினால் வெள்ளைக்கரு இழை இழையாகக் கலைந்துவிடும். இப்போது ருசி பார். புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகைச் சர்க்கரை.

முட்டையை நேராக வாணலியில் உடைக்காதே. ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, கரண்டியால் குழி செய்து அதில் இறக்கு. கெட்ட முட்டை ஒன்று விழுந்தால் மொத்தமும் வீண். சந்தேகமாக இருந்தால் தண்ணீரில் போட்டுப் பார்: புதிய முட்டை அடியில் படுக்கும், நாள்பட்டது நிமிர்ந்து நிற்கும், மிதப்பதை எறிந்துவிடு. உள்ளே இருக்கும் காற்றறை நாளாக நாளாகப் பெரிதாவதுதான் காரணம். எட்டையும் இறக்கியதும் மூடி, குறைந்த தீயில் ஐந்தாறு நிமிடம். வெள்ளை உறைந்து, மஞ்சள் லேசாக ஆடும்போதே அடுப்பை அணைத்துவிடு. பரிமாறுவதற்குள் தக்காளியின் சூடே மிச்சத்தை வேகவைத்துவிடும். மஞ்சள் கெட்டியாக வேண்டும் என்கிறவருக்கு மட்டும் இன்னும் மூன்று நிமிடம்.

முட்டை சாப்பிடாதவர் வந்தால் 200 கிராம் கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைத்து, தனியாகத் தண்ணீரில் குழைய வேகவைத்து, பிறகு தக்காளியில் சேர். வேகாத கடலையைத் தக்காளியோடு போட்டால் அந்தப் புளிப்பில் எவ்வளவு நேரம் ஆனாலும் மெத்தென்று ஆகாது.

சோற்றுக்கு 300 கிராம் அரிசி. வெந்ததும் பத்து நிமிடம் மூடியைத் திறக்காதே, பருக்கை உடையாமல் இருக்கும். மிஞ்சினால் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே தீர்த்துவிடு. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் வெந்தும் சாவதில்லை. சோறு இரவெல்லாம் வெளியே இருந்தால் அது பெருகி நஞ்சை விட்டுவிடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

பக்கத்தில் ஒரு வெள்ளரிக்காயை நறுக்கி, எலுமிச்சையும் உப்பும் போட்டு வை. ஒரே ருசியைத் தொடர்ந்து சாப்பிட்டால் நாக்குக்கு அலுத்துவிடும். நடுவில் மொறுமொறுப்பாக, புளிப்பாக ஒரு துண்டு கடித்தால் அடுத்த வாய் மறுபடி புதிதாக இருக்கும்.

பரிமாறும்போது "உப்பு கம்மி, சரியா வரல, மன்னிச்சுக்கோங்க" என்று ஆரம்பிக்காதே. பிறகு வந்தவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு உன்னைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள். உப்பை மேசையில் வைத்துவிடு, போதும். பாத்திரம் கழுவுகிறேன் என்று யாராவது எழுந்தால் தடுக்காதே. அவர் கழுவட்டும், நீ துடை. மேசையில் வராத பேச்சு அங்கே வரும். அந்த நேரத்தில் டீ. ஆளுக்கு 200 மில்லி கொதிக்கிற தண்ணீர், ஒரு தேக்கரண்டித் தூள், மூடி நாலு நிமிடம், உடனே வடிகட்டு. கடுமையாக வேண்டுமென்றால் தூளைக் கூட்டு, நேரத்தைக் கூட்டாதே. ஊற ஊறத் துவர்ப்புதான் ஏறும்.

மற்ற நாட்களில் தனியாகச் சாப்பிடும்போதும் டப்பாவிலிருந்தே சாப்பிடாமல் தட்டில் போட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்கார். ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மணம்தான். ஒருமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பழத்துண்டை மென்று பார்: இனிப்பும் புளிப்பும் தெரியும், என்ன பழம் என்பது சரியாகத் தெரியாது. மூக்கை விட்டதும் தெரிந்துவிடும். தொண்டை வழியாக மணம் மூக்குக்கு ஏற நேரம் கொடுக்காமல் விழுங்கினால் நல்ல சமையலும் சப்பென்றுதான் இருக்கும்.

சில வியாழன்களில் ஒருவர்தான் வருவார். அதற்காக நிறுத்தாதே. முட்டை நாலு, வெங்காயம் கால் கிலோ, தக்காளி அரை கிலோ, வாணலியையும் சின்னதாக மாற்றிக்கொள். பெரிய வாணலியில் கொஞ்சமாகப் போட்டால் சீக்கிரம் வற்றி அடிப்பிடித்துவிடும். வராதவருக்கு அடுத்த வாரமும் வழக்கம்போலவே செய்தி அனுப்பு, ஏன் வரவில்லை என்று கேட்காமல்.

அன்புடன்,
அப்பா