படங்களுக்கு இடம் குறிக்கும் உங்கள் மென்பொருள் விழுங்கிய அரை மணி நேரம்: ஒரு புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பொறுப்பாளர் அவர்கள்

பொருள்: 612 படங்களில் ஜிபிஎஸ் இடம் தவறாகப் பதிவானது, கையால் குறித்த இடங்கள் அழிந்தது, 'இடத்தை நீக்கு' என்ற பிறகும் இடம் நீங்காதது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் மென்பொருளுக்கு இது எனக்கு இரண்டாவது வருடச் சந்தா. இதே விஷயமாக உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிவிட்டேன். இரண்டு தடவையும் வந்த பதிலைப் பார்த்தால் என் கடிதத்தை யாரும் முதல் வரிக்கு மேல் படித்ததாகத் தெரியவில்லை. இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

என் கேமராவில் ஜிபிஎஸ் கிடையாது. அதனால்தான் உங்களிடம் வந்தேன். ஓர் ஓடையை ஒட்டி மூன்று நாள் நடந்து, பொந்து உள்ள மரங்களையெல்லாம் படம் எடுத்தேன். எந்தப் பொந்தில் எந்தப் பறவை இருக்கிறது என்று பார்த்து வைத்து, அடுத்த வருடம் அதே மரத்தடியில் போய் நின்று மறுபடி பார்க்க வேண்டும் என்பது திட்டம். காட்டில் ஒரு மரத்துக்கு வேறு என்ன முகவரி இருக்கிறது? அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான். நடக்கும்போது கைப்பேசியில் உங்கள் செயலி ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்து நொடிக்கு ஒரு புள்ளியாக என் பாதையை ஜிபிஎக்ஸ் கோப்பில் எழுதிக்கொண்டு வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே வேலை செய்தது. சிக்கல் எல்லாம் வீட்டுக்கு வந்து, கணினியில் உள்ள உங்கள் மென்பொருளில் படங்களையும் பாதையையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான். படம் எடுத்த நேரத்தில் நான் பாதையில் எங்கே இருந்தேன் என்று பார்த்து, அந்த இடத்தைப் படத்துக்குள் எழுதுவதுதான் அதன் வேலை.

பொருத்தி முடித்து வரைபடத்தைத் திறந்தேன். மூன்றாம் நாள் படங்களில் 64 படங்கள் ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெரிதாக்கிப் பார்த்தால், அது அன்றைக்கு மதியம் 3:10 மணிக்கு என் கைப்பேசி சார்ஜ் தீர்ந்து அணைந்துபோன பாறை. சரி, பாதை அங்கே முடிந்துவிட்டதால் இப்படி ஆகியிருக்கும் என்று முதல் நாள் படங்களுக்குப் போனேன். காலையில் எடுத்த சிறிய அருவியின் படம், தண்ணீரே இல்லாத ஒரு சரிவில் இருந்தது. மாலையில் வண்டி ஏறுவதற்கு முன் எடுத்த கடைசிப் படம் 19 கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலைப் பாலத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதில் இருப்பதோ ஒரு மரங்கொத்தி.

உங்கள் முதல் பதில்: "மரங்கள் அடர்ந்த இடங்களில் ஜிபிஎஸ் துல்லியம் குறைவது இயல்பு." இயல்புதான், யார் இல்லை என்றது? திறந்த வானத்தின் கீழ் கைப்பேசிக்கு 5 மீட்டர் பிசகு வரும், மரத்தடியில் அது இன்னும் கூடும், பாறைச் சுவர் பக்கத்தில் சிக்னல் பட்டுத் திரும்பி இன்னும் மோசமாகும். ஆனால் எந்த மரமும் ஒரு படத்தை 19 கிலோமீட்டர் தூக்கி எறியாது. அதுவும் எல்லாப் படத்தையும் ஒரே திசையில், நான் போய்க்கொண்டிருந்த பக்கமாகவே தள்ளி வைக்காது.

இரண்டாவது பதில்: "உங்கள் கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்க்கவும்." இதைப் படித்தபோதுதான் உண்மையில் கோபம் வந்தது. கேமராவின் கடிகாரம் நாளுக்கு நாள் கொஞ்சம் பிசகும் என்பது இந்த வேலை செய்யும் எவருக்கும் தெரியும். கிளம்பும் முன் கைப்பேசியில் நொடியோடு நேரத்தைக் காட்டும் திரையைத் திறந்து வைத்து, அதைக் கேமராவால் ஒரு படம் எடுப்பது என் வழக்கம். அன்றும் எடுத்தேன். திரையில் 06:40:21. அந்தப் படத்தில் கேமரா பதிந்த நேரம் 06:40:13. எட்டு நொடி பின்தங்கல். அந்த எட்டையும் உங்கள் மென்பொருளின் திருத்தப் பெட்டியில் போட்டுத்தான் பொருத்தினேன்.

இனி அருவிப் படத்துக்கு வருவோம். அதற்குள் இருக்கும் எக்ஸிஃப் தகவலை, அதாவது நேரம், இடம் போன்றவை படக் கோப்புக்குள்ளேயே எழுதப்படும் குறிப்பை, வரி வரியாகப் பாருங்கள். படம் எடுத்த நேரம் என்று கேமரா எழுதியது 09:12:40. நேரமண்டல வித்தியாசம் என்று அதே கேமரா எழுதியது +05:30. ஜிபிஎஸ் நேரம் என்று உங்கள் மென்பொருள் எழுதியது 04:12:48. ஜிபிஎஸ் நேரம் எப்போதும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதப்பட வேண்டும் என்பது எக்ஸிஃப் விதி. ஜிபிஎக்ஸ் கோப்பின் நேரங்களும் யூடிசிதான். அப்படியானால் 09:12:40-உடன் எட்டு நொடியைக் கூட்டி, ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் 03:42:48 அல்லவா வர வேண்டும்? உங்கள் மென்பொருள் ஐந்து மணி நேரத்தை மட்டும் கழித்திருக்கிறது. அதாவது 9:12-க்கு எடுத்த படத்தை, 9:42-க்கு நான் எங்கே நின்றேனோ அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது. நான் சொன்ன 8 நொடியைப் பிசகாமல் கூட்டிய மென்பொருள் 1,800 நொடியைத் தொலைத்திருக்கிறது. இதற்குச் சாட்சி நான் இல்லை, உங்கள் மென்பொருளே தன் கையால் படத்துக்குள் எழுதி வைத்த நேரம்.

காரணமும் தெரிகிறது. கடந்த அப்டேட்டுக்கு முன்னால் நேர வித்தியாசத்தை நிமிடத்தோடு தட்டச்சு செய்ய ஒரு பெட்டி இருந்தது. இப்போது அது இல்லை. பதிலாக, முழு மணிகள் மட்டும் உள்ள ஒரு பட்டியல். +5 இருக்கிறது, +6 இருக்கிறது, நடுவில் எதுவும் இல்லை. 'தானாகக் கண்டறி' என்று விட்டால் +5 என்று காட்டுகிறது. யாரோ ஒருவர் எண்ணை முழு எண்ணாக வெட்டிவிட்டார், அவ்வளவுதான். பார்வைக்குச் சின்ன விஷயம். ஆனால் இந்தியாவும் இலங்கையும் +05:30, நேபாளம் +05:45, நடு ஆஸ்திரேலியா +09:30, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து −03:30. இந்தியாவை மட்டும் எடுத்தாலே உலக மக்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேல். இவ்வளவு பேரின் கடிகாரம் உங்கள் பட்டியலில் இல்லை. மென்பொருளை வெளியிடும் முன் ஒருவராவது ஒரே ஒரு படத்தை வைத்துச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும்.

கேமரா +05:30 என்று எழுதியதைச் சொன்னேன் அல்லவா? முன்பெல்லாம் எக்ஸிஃபில் அதற்கு இடமே கிடையாது. படம் எடுத்த நேரம் இருக்கும், எந்த ஊர் நேரம் என்பது இருக்காது. 2016-இல் வந்த எக்ஸிஃப் 2.31-இல்தான் நேர வித்தியாசத்துக்கென்று தனிப் புலம் வந்தது. என் கேமரா அதை ஒழுங்காக நிரப்புகிறது. உங்கள் மென்பொருள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, கணினியின் அமைப்பைப் பார்த்து ஊகம் செய்கிறது. விடை தாளிலேயே எழுதியிருக்கும்போது எதற்கு ஊகம்?

திருத்தப் பெட்டியிலேயே சமாளிக்கலாம் என்று −1,800 போட்டும் பார்த்தேன். 999-க்கு மேல் ஏற்கவில்லை.

இதைவிட எனக்கு வலிப்பது அந்த 64 படங்கள். அவற்றில் 23 படங்கள் கைப்பேசி அணைவதற்கு முந்தைய அரை மணியில் எடுத்தவை. முன் சொன்ன பிழையால் அவை பாதையின் முடிவைத் தாண்டிப் போய்விட்டன. மீதி 41 படங்கள் கைப்பேசி அணைந்த பிறகு எடுத்தவை. பாதை இல்லை என்பதால், அன்று இரவே உட்கார்ந்து, நினைவு மங்குவதற்குள், ஒவ்வொன்றையும் வரைபடத்தில் என் கையால் குறித்து வைத்திருந்தேன். ஓடை வளைவு, இரட்டைப் பாறை, விழுந்து கிடந்த மரம் என்று அடையாளம் பார்த்துப் பார்த்து வைத்த குறிகள். மறுநாள் மொத்தக் கோப்புறையையும் உங்கள் மென்பொருளிடம் கொடுத்தேன். ஏற்கெனவே இடம் உள்ள படங்களைத் தொடலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் அழித்து, பாதையின் கடைசிப் புள்ளியில் கொண்டுபோய்க் குவித்துவிட்டது. பழைய கோப்பின் நகலும் எங்கும் இல்லை.

எக்ஸிஃப்டூல் என்று ஒரு கருவி இருக்கிறது, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பில் ஹார்வி 2003 முதல் இலவசமாகக் கொடுத்து வருகிறார். கட்டளை தட்டச்சு செய்ய வேண்டும், பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ஒரு படத்தில் எதை மாற்றினாலும், வேண்டாம் என்று நாம் சொன்னாலொழிய, பழைய கோப்பை '_ஒரிஜினல்' என்று பெயர் சேர்த்து அப்படியே பத்திரமாக வைத்துவிடும். கடைசியில் அதை வைத்துத்தான் இரண்டு இரவு செலவழித்து 571 படங்களைச் சரிசெய்தேன். அந்த 41-இல் 17 படங்களுக்கு மட்டும் திரும்பவும் இடம் நினைவு வந்தது. மற்ற 24 படங்களை இடம் இல்லாமலே விட்டுவிட்டேன்.

அப்புறம் ஆந்தை. முதல் நாள், வண்டிக்குத் திரும்பும் வழியில் ஒரு பொந்தில் ஆந்தைக் கூடு பார்த்தேன், உள்ளே இரண்டு குஞ்சுகள். கூட்டின் இடம் வெளியே தெரிந்தால் ஆட்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள், தாய் கூட்டைக் கைவிட்டுவிடவும் கூடும். அதனால் பறவை பார்க்கும் நண்பர்களுக்கு அந்தப் படத்தை அனுப்புவதற்கு முன், உங்கள் மென்பொருளில் 'இடத்தை நீக்கு' என்ற பொத்தானை அழுத்தி, 'நீக்கப்பட்டது' என்ற செய்தியையும் பார்த்துவிட்டே அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஒரு நண்பர் கேட்கிறார்: "என்னங்க, ஆந்தை வண்டி நிறுத்துற இடத்துலயா கூடு கட்டியிருக்கு?"

அவர் படம் பார்க்கும் மென்பொருளில் வரைபடமும் குறியும் பளிச்சென்று தெரிந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தேன். நீங்கள் இடத்தை ஒரே படத்துக்குள் இரண்டு முறை எழுதுகிறீர்கள், எக்ஸிஃபில் ஒன்று, படத்துக்குள் தகவல் வைக்கும் இன்னொரு பகுதியான எக்ஸ்எம்பியில் ஒன்று. பொத்தானை அழுத்தினால் எக்ஸிஃபில் இருப்பது மட்டும் போகிறது. எக்ஸ்எம்பியில் இருப்பது ஏழு தசம இலக்கத்தோடு அப்படியே இருக்கிறது. அரை மணிப் பிழையால் இடம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போயிருந்ததால்தான் அந்தக் கூடு தப்பித்தது. உங்களுடைய ஒரு பிழை இன்னொரு பிழையிடமிருந்து காப்பாற்றியிருக்கிறது. இதற்கு நன்றி சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. இதுவே ஒருவர் தன் வீட்டு வாசலில் குழந்தையை எடுத்த படமாக இருந்து, இடமும் சரியாகப் பதிந்திருந்தால்? 'நீக்கப்பட்டது' என்ற அந்தச் செய்தியை நம்பித்தானே அனுப்பியிருப்பார்?

நான் கேட்பது இவை. நேர வித்தியாசத்தில் நிமிடத்தையும் ஏற்க வேண்டும். படத்திலேயே அது எழுதியிருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பாதைக்கு வெளியே விழும் படத்துக்கு இடமே எழுதாமல் விட்டு, எத்தனை படம் விடுபட்டது என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே உள்ள இடத்தைக் கேட்காமல் அழிக்கக் கூடாது. நீக்கும் பொத்தானை மட்டும் அடுத்த அப்டேட் வரை வைத்திருக்காதீர்கள், இன்றே எடுத்துவிடுங்கள். சரிசெய்த பிறகு திரும்ப வைக்கலாம். இந்தப் பதிப்பைப் பயன்படுத்தும் எல்லோருக்கும், குறிப்பாக அரை மணி, முக்கால் மணி நேரமண்டலங்களில் இருப்பவர்களுக்கு, பிழையை விளக்கி ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பலர் இதைக் கவனித்தேயிருக்க மாட்டார்கள். நகரத்துக்குள் ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் நின்று படம் எடுப்பவருக்கு இந்தப் பிழை கண்ணில் படாது.

15 நாட்களுக்குள், இந்தக் கடிதத்தைப் படித்த ஒரு மனிதரிடமிருந்து பதில் வர வேண்டும். வராவிட்டால் சந்தாவை நிறுத்திவிட்டு, மீதி மாதங்களுக்கான தொகையைத் திருப்பிக் கேட்பேன். கடிகாரம், மரத்தடி என்று இன்னொரு பதில் வந்தாலும் அப்படியே.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்

இணைப்பு: மூன்று நாள் ஜிபிஎக்ஸ் கோப்புகள், கைப்பேசிக் கடிகாரத்தின் படம், அருவிப் படம், பாலத்தின் நடுவில் இருந்த மரங்கொத்திப் படம். ஆந்தைப் படத்தை இணைக்கவில்லை. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.